வாள்காரனைப் பற்றிய சண்டை

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு பிரவுசிங் சென்டர்தான். எங்களுக்கு என்றால், எனக்கும் என் அறைத் தோழனுக்கும். இருவருக்கும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனி. எனக்கு ஊர் குண்டடம் பக்கம்; தைத்து வந்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தேன். அவனுக்கு தூத்துக்குடிப் பக்கம்; கட்டிங்கில் நம்பரிங் போடுவான். வெட்டிய துண்டு ஒவ்வொன்றிலும் எண் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஒரே எண்ணுள்ள உடம்பும் கையும்தான் ஒரு சட்டையில் சேர வேண்டும். எண் மாறி வேறு லாட், அதாவது வேறு தடவை சாயம் போட்ட துணி, சேர்ந்துவிட்டால் உடம்பு ஒரு சாயம், கை ஒரு சாயம் என்று வந்து நிற்கும்.

அந்த சென்டர் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. நாம் ஒரு வீரனாகி ஊர் ஊராகப் போவோம்; துணைக்கு ஒரு வாள்காரன் வருவான். மவுஸ் என் தோழன் கையில். திரையில் வரும் இங்கிலீஷைத் தமிழில் சொல்வது என் வேலை. பாதி புரியாமல் நான் அளந்துவிட்ட கதைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்படிப்பட்ட ஞாயிறுகள் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

எங்கள் சண்டையெல்லாம் அந்த வாள்காரனைப் பற்றித்தான். முதல் ஊரில் முன்பின் தெரியாத ஒரு கிழவனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிவான். நாலாவது ஊரில், தன்னை நம்பிச் சோறு போட்ட குடும்பத்தை எதிரியிடம் காட்டிக்கொடுத்துவிட்டுச் சிரிப்பான். அடுத்த ஊரில் அதே குடும்பத்தின் சமாதியில் விழுந்து அழுவான். காட்டிக்கொடுத்தது நான்தான் என்று மட்டும் கடைசி வரை சொல்ல மாட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எழுதுனவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. நல்லவன்னா நல்லவனா எழுதோணும், இல்லாட்டி கெட்டவனா எழுதோணும். இது ரெண்டு லாட் துணியை ஒண்ணா வெச்சுத் தெச்ச மாதிரியல்ல இருக்குது?"

"இல்லலே, அவன் பயந்தாங்கொள்ளி. அம்புட்டுதான்."

"பயந்தவன் எதுக்குச் சிரிக்கறான்?"

"பயந்தவன் வேற என்ன செய்வான்?"

ஒரு சனிக்கிழமை டீ நேரத்தில் அவன் மேஜைக்கே போய் இந்தச் சண்டையைத் தொடர்ந்தேன். அவன் டீ வாங்கப் போனான். கை சும்மா இருக்குமா? பேசிய வேகத்தில் அங்கிருந்த ஒரு துண்டுக் கட்டுக்கு நானே ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன். பக்கத்தில் இரண்டு லாட் நீலம் இருந்ததையும், டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததையும் நான் கவனிக்கவில்லை.

புதன்கிழமை, தைத்து வந்த சட்டைகளை ஜன்னலோரம் விரித்தேன். கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம். நான் ஒட்டிய கட்டு என்று பார்த்ததும் தெரிந்தது.

"எவன் பண்ணுன வேலை இது?" என்று மேனேஜர் வந்து கத்தினார்.

"நம்பரிங்ல தப்புங்க சார்" என்றேன்.

"கடல்காரனுக்கு எல்லா நீலமும் ஒண்ணுதானுங்க" என்றார் பக்கத்தில் இருந்த டைலர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே என் தோழனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்து நின்றானே தவிர, என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கைவைத்தது அவனுக்குத் தெரியாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவன் பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். பரோட்டாக் கடையில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தியமாக அது நடிப்பில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

அவன் என் இலையில் சால்னாவை ஊற்றினான்.

"அந்தக் கட்டை நீதான் ஒட்டுனன்னு எனக்குத் தெரியும்லே. எனக்கு ஊர்ல அண்ணன்கூட உப்பளத்துல வேலை இருக்கு. உங்க காட்டுல வெவசாயத்துக்குத் தண்ணியே இல்லன்னு நீதானே சொன்ன, நீ எங்க போவ? சாப்புடு, ஆறிரும்."

வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பசியும் இருந்தது. சாப்பிட்டேன்.