“ஆயத்தமா?” என்று கேட்டவர்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. குலசேகரம் பக்கத்தில் எங்கள் சபையின் மூத்த மூப்பர் ஞானசிகாமணி ஐயா காலமாகிவிட்டார்கள். கீழே யாரோ, “எப்போதும் ஆயத்தமாக வாழ்ந்தவர்” என்று எழுதிக் கைகூப்பிய படமும் போட்டிருந்தார்கள். அடப் பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன்.

சபை மலருக்கு அஞ்சலி எழுதித் தரச் சொன்னார் போதகர். எழுதுகிறேன். அதற்கு முன் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பேச்சில் சோறும் பஸ்ஸும் ‘ரெடி’. பிள்ளைகள் பரீட்சைக்குத் ‘தயார்’. ஆயத்தம் என்பது கோயில் பேச்சு. நற்கருணைக்கு முன்பு ஆயத்த ஆராதனை உண்டு. நல்ல சொல்தான். ஐயா அவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் நோயாளிகளின் கட்டிலருகே வைத்துக்கொண்டார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆரஞ்சுப் பொதியோடு போய் நின்று, குரலைத் தாழ்த்தி, “ஆயத்தமா?” என்பார்கள். சாவுக்கு என்று அர்த்தம்.

ரப்பர் வெட்டும் தாசன் நல்லமிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்தபோதும் கேட்டார்கள். “காலுதானே ஐயா ஒடிஞ்சிருக்கு!” என்று அலறினான் அவன். வருஷக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

என் அம்மாவிடம் கேட்டபோது சிரிப்பு நின்றது. இதயத்தில் அடைப்பு என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் சம்மதித்திருந்தாள். அப்போது வந்தார்கள் ஐயா. “அக்கா, ஆயத்தமா இருக்கியளா?”

அவர்கள் போனதும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். “டாக்டரு என்னமும் சொன்னாரா மக்கா? எங்கிட்ட மறைக்காத. மூப்பரு சும்மா கேப்பாரா?” எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. “எனக்க காலம் முடிஞ்சு. என்னக் கீறண்டாம்.” வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

அடக்கத்தில் ஐயா பேசினார்கள்: “எங்க அக்கா ஆயத்தத்தோட போனாங்க.” குரலில் அப்படி ஒரு திருப்தி! எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

பிறகு அவர்களுக்கே நெஞ்சுவலி வந்தது. நாகர்கோவில் டாக்டர் போதாதென்று திருவனந்தபுரம் போனார்கள். ஆபரேஷனும் செய்துகொண்டார்கள். செய்யட்டும், அதில் குற்றமில்லை. மறுபடி படுக்கையில் விழுந்ததைக் கேள்விப்பட்டுப் போன மாதம் பார்க்கப் போனேன். அந்தக் கேள்வியை நாக்கிலேயே வைத்துக்கொண்டுதான் போனேன். வாசலிலேயே அவர்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தம்பி, அந்த வார்த்தைய மட்டும் கேட்டுராதிய. நேத்து ஒரு ஆளு கேட்டுட்டுப் போனாரு. அதுக்குப் பொறவு இவியளுக்குக் கஞ்சி எறங்கல்ல.”

உள்ளே ஐயா எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். என்னைக் கண்டதும் அவசரமாக ஜன்னலைக் காட்டினார்கள். வெளியே கறுப்புப் பைகளில் ரப்பர் தைகள் நடுவதற்காக வரிசையாக இருந்தன.

“வாற ஆனியில நடணும் தம்பி. ஏழு வருசத்துல பால் வெட்டிரலாம்.”

ஏழு வருஷம்! “நட்டிரலாம் ஐயா,” என்றேன். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கியவர்களின் கால் பட்டு அந்தத் தைகளில் சில சாய்ந்தன. யாரும் குனிந்து நிமிர்த்தவில்லை.

போய் வாருங்கள் ஐயா. அன்று என் அம்மாவின் கட்டிலருகே நின்றபோது, “வாற வருசம் என்ன நடப்போறிய அக்கா?” என்று நீங்கள் கேட்டிருக்கலாம். வாய் ஓயாமல் சொல்லியிருப்பாள்.