அம்மாவோடு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன்

முதலில் என்னிடம் அகப்பட்டவை அம்மாவின் விரல்கள். அடுப்பில் பருப்பு கொதிக்கும்போது குசினி மேசையில் பத்து விரல்களும் தனித்தனியே எழும்பி எழும்பி விழும். உதடு ஏதோ முணுமுணுக்கும். நான் உள்ளே போனால் அதே விரல்கள் ஒன்றும் தெரியாதவைபோலக் கறிவேப்பிலை உருவத் தொடங்கிவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது. பொலிஸில் சேர்த்திருந்தால் நன்றாக வந்திருப்பேன், அப்படி ஒரு சந்தேகப் பிராணி.

கண்டியில், குளத்துக்கு மேலே ஏறிப்போகும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். தம்பி அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். அப்பாவின் அக்காவான அத்தை, புருஷன் விட்டுப்போன பிறகு எங்களோடேயே இருந்தாள். புசல்லாவையில் அவள் வாழ்ந்த வீட்டு வாசற்படிக்குக் கீழே, கட்டம் கட்டமாக எழுத்துப் பொறித்த தகடு ஒன்றை யாரோ புதைத்துச் செய்வினை செய்துவிட்டார்கள், மனிதர் போனதற்கு அதுதான் காரணம் என்பது அத்தையின் கட்சி. மனிதருக்கு வேறு இடத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது ஊருக்கே தெரியும். அத்தை தகட்டைத்தான் நம்பினாள்.

ஒருநாள் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அலுமாரியைச் சோதனை போட்டேன். சேலைகளுக்கு அடியில் சேர்ட் பெட்டி மூடி ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தில் வரிசை வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் இங்கிலீஷ் எழுத்து. க்யூவில் ஆரம்பித்து டபிள்யூ, ஈ, ஆர் என்று தாறுமாறாக ஓடியது. எனக்கு ஏ, பீ, சீ சொல்லித் தந்ததே அம்மாதான். வரிசை தெரிந்தவள் அதை வேண்டுமென்றே குழப்பி எழுதி, ஒளித்தும் வைத்தால் அது நல்லதற்காகவா இருக்கும்? அத்தை சொன்ன தகடு இதேதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மூடியை நேரே அத்தையிடம் கொண்டுபோனேன்.

அத்தை அதைக் கையால் தொடவில்லை. விளக்குமாற்றால் முற்றத்துக்குத் தள்ளி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, "நான் அன்னைக்கே நெனச்சேன்," என்றாள். என்றைக்கு, எதை என்று சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்த அம்மா முற்றத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். குற்றம் செய்தவள்தான் அப்படிப் போவாள் என்று நான் முடிவு கட்டினேன்.

அப்பா வேலை முடிந்து வந்து குனிந்து பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, இது டைப்ரைட்டர். அதுல எழுத்து இப்புடித்தான் இருக்கும்."

பிறகு சிரிப்பு நின்றது. குசினிப் பக்கம் திரும்பி, "இத எதுக்கு ஒளிச்சு வச்ச?" என்றார்.

அம்மா வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் வக்கீல் ஒருவரின் கந்தோரில் அவள் டைப் அடித்தது அப்பாவுக்குத் தெரிந்ததுதான், எனக்குத்தான் புதிது. இப்போது தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பனியில் ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை. பத்து வருடமாக மிஷினைத் தொடாத விரல்களைப் பழக்க அவளுக்கு அட்டைதான் கிடைத்தது.

"முன்னாடியே சொன்னா வேணாம்பீங்க. கெடச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். சின்னவனும் ஸ்கூலுக்குப் போயிட்டான். பகல் முழுக்க நான் சொவத்தையா பாத்துக்கிட்டு இருக்கிறது? எனக்குத் தெரிஞ்ச வேலைங்க அது."

"அங்க யாரு இருக்கா?" என்றார் அப்பா.

"யாரு இருப்பா? ஆபிஸ்ல இருக்கிறவங்க."

அப்பா அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "சரி, போ. புள்ளையையும் கூட்டிட்டுப் போ," என்றார். என் சந்தேகம் தீர்ந்து, வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்த நேரம் அது. காட்டிக்கொடுத்தவளுக்கே இப்படி ஒரு பரிசா என்று துள்ளினேன்.

அடுத்த மூன்று நாளும் நான்தான் அம்மாவுக்குப் பரீட்சை வைத்தேன். கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "பத்து வருஷம் என்ன செஞ்சீங்க?" என்று துரைமார் குரலில் கேட்பேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறகு நிமிர்ந்து, "ரெண்டு புள்ளைங்கள வளத்தேன் சேர். வேகம் கொறஞ்சிருக்கும், பிழ வராது," என்பாள். "இதக் கேட்டு அவங்க சிரிச்சிட்டா வேல கெடச்ச மாதிரித்தான்டி," என்றும் சொன்னாள்.

வியாழக்கிழமை கம்பனியில் என்னைச் சுவரோரம் ஒரு கதிரையில் இருத்தினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அம்மாவின் விரல்கள் நிஜமான மிஷினில் ஓடின. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பெருமையில் அழுகையே வந்துவிட்டது. தலை நரைத்த ஐயா ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து ஏதோ கேட்டார். அம்மா பதில் சொன்னாள். அவர் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

திரும்பும் வழியில் அம்மா எனக்குக் கடலை வாங்கித் தந்தாள். குளக்கரையில் அவள் நடந்த நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

அன்று மாலை அப்பா அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யார் யார் இருந்தார்கள், கதவு திறந்திருந்ததா என்று போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டார். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அந்த ஐயா எப்புடி?"

"ரொம்ப நல்லவரு. சிரிச்சாரு. அம்மாவும் சிரிச்சாங்க."

"எத்தன தடவ?"

வேலை அம்மாவுக்குத்தான் என்று அப்பா உறுதியாக நம்பவேண்டும் என்று எனக்கு ஆசை. "மூணு தடவ," என்றேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. வேலை அம்மாவுக்கே, திங்கட்கிழமை சேரவேண்டும். அன்றிரவு அப்பாவும் அம்மாவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திங்கட்கிழமை நான் எழும்பியபோது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பும் அறிகுறியே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா போகல? அந்த ஐயா மூணு தடவ சிரிச்சார்னு நான் அப்பாகிட்டச் சொன்னேனே!"

அம்மாவின் கை நின்றது. என்னையே பார்த்தாள்.

"ஒரு தடவதான்டி சிரிச்சாரு," என்றாள்.

நல்லதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதற்கு அம்மா ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.