பூவம் சாவடியில் கணக்குச் சோதனை

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கடைசி வருடம், அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். நானும் இந்தியப் பகுதியிலிருந்து வந்த ஏழு மாணவர்களும் தினமும் பூவம் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கிருந்த காவலருக்குப் பெரிய மீசை; காதில் சிவப்புப் பென்சில். கடத்தல் சரக்கைத் தேடிப் பைகளைத் திறந்தவர், நாளடைவில் வீட்டுக்கணக்குகளைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

பரீட்சை அன்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தினார்.

“நேரமாச்சு, விடுங்க” என்றேன்.

“கணக்கு தப்பா இருக்கே சார்! தப்பான சரக்கை எப்படி எல்லை தாண்ட விடறது?”

அடுத்து என் பை. வினாத்தாளோடு நான் எழுதி வைத்திருந்த விடைகளைப் படித்தவர், நாலாவதைச் சுற்றி வட்டம் போட்டார்.

“நீங்களும் உக்காருங்க.”

சாக்குமூட்டைமேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடி போட்டேன். அவள்தான் முதலில் முடித்தாள். தாமதத்துக்குக் காரணம் கேட்ட தலைமையாசிரியரிடம், சாவடியில் சரக்குச் சோதனை என்று மட்டும் சொன்னேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போனதும் சாவடியைப் பிரித்துவிட்டார்கள். அந்தக் காவலர் எங்கே போனார் என்று தெரியவில்லை. மறுநாள் காலை, வெறும் சாலையில், ஏழு பேரும் அதே இடத்தில் நின்று பைகளைத் திறந்தார்கள்.

“இப்ப யாரு கேட்டா?” என்று அதட்டப் போனேன். என் பையும் திறந்திருந்தது.