கண்ணாடிப் பலகையில் பொது மேலாளர் சம்பளம்

எங்கள் அரசுப் பேருந்துப் பணிமனையில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. டிரைவர்களை அவமானப்படுத்துவதற்கென்றே மாட்டி வைத்தது. ஒரு லிட்டர் டீசலுக்கு யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று மாதாமாதம் அதில் பட்டியல் ஒட்டுவார்கள். குறைவாக ஓட்டியவன் பெயருக்கு அடியில் சிவப்பு மையால் கோடு. நான் ஓட்டியது குன்னத்தூர் வண்டி. ஷிப்ட் விடும் நேரத்தில் ஒவ்வொரு பனியன் கம்பெனி கேட்டிலும் கை காட்டுவார்கள். நிறுத்தாவிட்டால் ஏச்சு, நிறுத்தினால் டீசல் போச்சு. சிவப்புக் கோடு எனக்கு நிரந்தரம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பொது மேலாளர் ஆய்வுக்கு வந்தார். என்னைப் பலகை முன்னால் நிறுத்தினார். "உன் பேரை நீயே படி. சத்தமா" என்றார். அத்தனை பேர் பார்க்கப் படித்தேன். "உன்னை மாதிரி ஆளுக்கெல்லாம் சம்பளம் குடுத்துத்தான் நிர்வாகம் நஷ்டத்துல ஓடுது" என்றார். அடுத்த வாரம் என் ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தி மூடிய உறையில் உத்தரவு வந்தது.

உத்தரவைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, வீட்டிலும்தான். என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். "இந்த வருசம் ஏத்துனாங்களா?" என்று கேட்டாள். ஏற்றியதைக் கூட்டுறவுக் கடனுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று வாய் கூசாமல் சொன்னேன். பெண்ணின் காலேஜ் செலவுக்காக அவள் ஒன்றரை ஷிப்ட் போக ஆரம்பித்தாள். வீங்கின காலோடு அவள் வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள் மேல்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் மேல் வரவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அரசுப் பணத்தில் ஓடும் நிறுவனம் யாருக்கு எவ்வளவு சம்பளம் தருகிறது என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று அதில் இருந்ததைச் சங்க ஆபீஸில் ஒருவர் காட்டினார். எங்கள் நிர்வாகம் வெளியிட்டிருக்கவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டேன். இடம் கொடுத்தால் நழுவிவிடுவார்கள் என்று சட்டத்தில் இருந்தபடியே எழுதினேன்: தலைமை அலுவலகத்திலும் எங்கள் கிளையிலும் உள்ள அதிகாரிகள், ஊழியர்கள் ஒவ்வொருவரும் வாங்கும் மாதச் சம்பளம்.

முதலில் தர மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தேன். கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது. முதல் பக்கத்திலேயே பொது மேலாளர் இருந்தார். சம்பளம், படிகள், வீட்டு வாடகை, கார், அந்தக் காருக்கு டீசல். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அதிகாரியே கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்குக் கறிவிருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டவேயில்லை.

அவர் அடுத்த ஆய்வுக்கு வரும் நாள்வரை காத்திருந்தேன். அன்று காலையில் அவர் பெயருக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, அந்தக் காகிதக் கட்டை அப்படியே பலகையில் மாட்டினேன். அவர் கார் உள்ளே வந்தபோது பலகையைச் சுற்றிக் கூட்டம் நின்றது.

என் மனைவியின் அண்ணன் அதே பணிமனையில் கண்டக்டர். "படிக்கட்டுங்களா மாப்ள?" என்றார்.

"படிங்க மச்சான். எல்லாருக்கும் கேக்கோணும்."

ஸ்டாப் பெயர் கூவுகிற குரலில் அவர் ஆரம்பித்தார். பொது மேலாளர் காரிலிருந்து இறங்கி நின்றார். அவருடைய சம்பளமும் படிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "அந்தக் காரு லிட்டருக்கு எத்தன ஓடுதுங்க சார்?" என்று யாரோ கேட்டார்கள். பணிமனையே சிரித்தது. அந்த ஆளின் முகம் கறுத்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மச்சான் நிறுத்தவில்லை. கடைசி ஸ்டாப் வரை கூவிப் பழகிய வாய் அது. அதிகாரிகள் முடிந்து எங்கள் கிளை வந்தது, டிரைவர்கள் வந்தார்கள். என் பெயர் வந்தது. அடிப்படைச் சம்பளத்தைப் படித்தார். "குறிப்பு, ஊதிய உயர்வு நிறுத்தம்" என்று அதே குரலில் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பொது மேலாளர் மட்டும் சிரித்தார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி கூடுதல் அரை ஷிப்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அந்தாளு சம்பளத்த ஊருக்கே படிச்சுக் காட்டுனீங்க. உங்க சம்பளத்த எனக்கு ஒருக்கா சொல்றதுக்கு என்னங்க?"

அடுத்த மாதம் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க" என்றாள். "சத்தமா."

எங்கள் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தேன்.