நவம்பர் முப்பதுக்குள் ஒரு கையெழுத்து

வெர்னா கங்காஸ் எந்தக் கடிதத்தையும் உறையிலிருந்தே படிக்கத் தொடங்குவார். அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் அறுபத்தைந்து தாண்டியவர்கள் வீட்டுத் தபால் பெட்டி எல்லாம் காப்பீட்டு விளம்பரக் கடிதங்களால் பிதுங்கும். உறையின் முன்பக்கம் கழுகுப் படமும் 'அவசரம்' என்ற சிவப்பு எழுத்தும் இருக்கும், வாஷிங்டனிலிருந்து நேரே புறப்பட்டு வந்ததுபோல. வெர்னா அதைத் திருப்பி, ஓரத்தில் எறும்பு வரிசையாக ஓடும் எழுத்தைத் தேடுவார். 'எங்களுக்கும் அரசுக்கும் தொடர்பு எதுவும் இல்லை' என்ற வரி கண்ணில் பட்டதும் முகம் மலரும்.

"பாத்தியா? கழுகு இவ்வளவு பெருசு, உண்மை இவ்வளவு சின்னது" என்று விரலால் அளந்து காட்டுவார். அந்த விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை.

நான் வேலை செய்யும் நூலகத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் ஜன்னலோர மேசை அவருடையது. யாரும் அவரை நியமிக்கவில்லை. வெப்பமூட்டும் எண்ணெய் மானியம், சுரங்க ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்று எந்தத் தாளோடு யார் வந்தாலும் கடைசி வரிவரை படித்துச் சொல்வார். கூலியாக ஏலக்காய் ரொட்டி வரும். சரியாக வேகாத ரொட்டியானால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

முப்பத்தொரு வருடம் இரும்புச் சுரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்லைப் பொடித்து, எடை போட்டு, இதில் இரும்பு எவ்வளவு, மணல் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளப்பார். ஏரியில் தாது ஏற்றக் கப்பல் காத்திருந்த ஒரு நாள், முதல் அளவையே எழுதிவிடும்படி மேலாளர் அவசரப்படுத்தினார். "கப்பலுக்கு எத்தனை சதவீதம் வேணும்னு சொல்லுங்க, அதையே எழுதித் தர்றேன். அடியில கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க" என்றாராம் வெர்னா. மேலாளர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அதே குணம்தான் காப்பீட்டுத் தாள்களிலும். வயது அறுபத்தைந்து ஆனால் அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்துவிடும். டாக்டர் செலவில் ஐந்தில் நான்கு பங்கை அது கட்டும். மிச்சம் ஒரு பங்கு நம் தலையில். அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத் தனியார் விற்பது துணைக் காப்பீடு. அதற்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. கட்டணமே வேண்டாம், பல்லும் கண்ணாடியும்கூடச் சேர்த்துத் தருகிறோம் என்று மெடிகேரையே தங்கள் கையில் வாங்கிக்கொள்ளும் தனியார் கம்பெனிகளின் இலவசத் திட்டங்கள் தனி. அவற்றில் சேர்ந்தால் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டர்தான். அவர்கள் சரி என்றால்தான் சிகிச்சை.

துணைக் காப்பீடுகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருப்பது ஏன் என்று ஒருநாள் வெர்னாவுக்குச் சந்தேகம் வந்தது. தோண்டிப் பார்த்தார். எந்தக் கம்பெனி விற்றாலும் ஜி என்றால் ஒரே சரக்கு, சட்டமே அப்படி. ஆனால் விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஏழு கம்பெனிகளுக்கு போன் போட்டு, "உங்க ஜி-யில அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டார். ஒரு பெண், "எங்க ஜி-யில அன்பு இருக்கு மேடம்" என்றாளாம். வெர்னா போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அன்பு மாசம் தொண்ணூறு டாலர் கூட."

நான் சொல்ல வந்தது போன வருட நவம்பரில் நடந்தது. மான் சீசன் தொடங்கி ஐந்தாம் நாள். பதினைந்தாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதிவரை எங்கள் ஊரில் ஆண்கள் கிடையாது. எல்லோரும் காட்டுக் கேம்பில் இருப்பார்கள். பள்ளிக்கூடமே முதல் நாள் விடுமுறை விடும்.

பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் போனி ஹைட்டலா அன்று சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நூலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். அவள் கணவர் லைலுக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. வசந்த காலம்வரை தள்ளிப்போட முடியாது, மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் செய்யும் ஆஸ்பத்திரி மாநில எல்லைக்கு அப்பால், விஸ்கான்சினில், மூன்று மணி நேர தூரத்தில். லைலின் இலவசத் திட்டமோ அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை, தெற்கே எட்டு மணி நேரம் தள்ளி உள்ளதற்குத்தான் போக வேண்டும், அதையும் முதலில் பரிசீலிப்போம் என்று எழுதியிருந்தது.

"இவ்வளவையும் வச்சுக்கிட்டு லைல் எங்க?" என்றார் வெர்னா.

"கேம்ப்புல."

"வால்வு அடைச்சுக்கிட்டு மான் வேட்டையா?"

"டாக்டர் ஓடக்கூடாதுன்னுதான் சொன்னாராம், உக்காரக்கூடாதுன்னு சொல்லலையாம். பரண்ல உக்காந்திருக்கேன்னுட்டுப் போயிட்டாரு." போனி சிரிக்க முயன்றாள். "அந்தத் திட்டத்தை விட்டுட்டு மெடிகேருக்கே திரும்பி, துணைக் காப்பீடு ஒண்ணு வாங்கிடலாம்னு பேசிட்டோம் வெர்னா. டிசம்பர் ஏழு வரைக்கும் டைம் இருக்குன்னு கிரெய்க் சொன்னான். சீசன் முடிஞ்சு வந்து லைல் கையெழுத்துப் போட்டாப் போதும்ல?"

கிரெய்க் என்பவன் காப்பீட்டு ஏஜென்ட். அதற்கு முந்தைய வருடம் மீன் வறுவல் விருந்து போட்டு லைலை அந்தத் திட்டத்தில் சேர்த்தவன். அவனும் இப்போது கேம்பில்தான்.

வெர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வெளிய வந்துடலாம் போனி. ஆனா துணைக் காப்பீடு கம்பெனி உடம்பைப் பத்திக் கேப்பான். அறுபத்தஞ்சு ஆகி முதல் ஆறு மாசம்தான் கேக்காம எடுத்துக்குவான். இப்ப வால்வுன்னு எழுதினா கதவை மூடிடுவான்."

போனி கடிதத்தை நான்காக மடித்தாள். "சரி. கடவுள் பாத்துப்பாரு."

"கடவுளுக்கு இந்த ஃபாரம் நிரப்பத் தெரியாது. கடிதத்தை வச்சுட்டுப் போ."

போனி போன பிறகு வெர்னா அந்தக் கடிதத்தைப் பிரித்து இன்னொரு முறை படித்தார். பிறகு என்னிடம், "கம்பெனி எடுத்துக்காதுன்னு நான் சொன்னேனே, அது எங்க எழுதியிருக்கு?" என்றார்.

"எல்லாரும் சொல்றதுதானே."

"அதான் கேக்கறேன். எல்லாரும் சொல்றாங்க. எழுதினது எங்க?"

அரசாங்கம் வெளியிடும் துணைக் காப்பீட்டுக் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். ஊருக்கு ஐம்பது பிரதி வருகிறது. புத்தக முதுகு மடியாமல் அப்படியே இருந்தன ஐம்பதும். அன்று மாலை முழுக்கப் படித்தார். மறுநாள் புதன்கிழமை, அவருடைய நாளே இல்லை, இருந்தும் வந்து படித்தார். பதினொரு மணி இருக்கும். கம்பெனி மறுக்கவே கூடாத நிலைமைகள் என்று ஒரு அட்டவணை. அதில் ஒரு கட்டத்தின் மேல் அவர் விரல் நின்றது. இரண்டாம் முறை படித்தார். பிறகு வெகுநேரம் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைலுக்கு வழி கிடைத்த மகிழ்ச்சியாக அது எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அறுபத்தைந்து ஆனதும் முதன்முறையாக இலவசத் திட்டத்தில் சேர்ந்தவர் பன்னிரண்டு மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்று வெளியே வந்தால், எந்தக் கம்பெனியின் துணைக் காப்பீட்டையும் கேட்டு வாங்கலாம். உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக்கூடாது. கூடுதல் விலை சொல்லக்கூடாது. லைலின் திட்டம் தொடங்கியது அதற்கு முந்தைய வருடம் டிசம்பர் ஒன்றாம் தேதி. அந்தக் கதவு நவம்பர் முப்பதாம் தேதி மூடும். மான் சீசன் முடிவதும் அதே நாள்தான். லைல் கேம்பிலிருந்து வந்து, குளித்து, டிசம்பர் ஏழுக்குள் சாவகாசமாகக் கையெழுத்துப் போடுவார். வெளியே வந்துவிடுவார். வேறு எந்தக் கதவும் அவருக்குத் திறக்காது.

 அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தொலைக்காட்சியைத் திறந்தால் விளம்பரம். பல் இலவசம், கண்ணாடி இலவசம், உடற்பயிற்சிக் கூடம் இலவசம் என்று ஓயாமல் கத்துகிறார்கள். இந்த ஒரு கட்டத்தைச் சொல்ல ஒரு நொடி யாருக்கும் இல்லை. இதை அசட்டை என்று சொல்லி நான் மன்னிக்க மாட்டேன். இது வெளியே தெரிந்தால் நஷ்டப்படுகிறவர்கள் கையில் விளம்பரப் பணமும், தெரியாவிட்டால் சாகிறவர்கள் கையில் எறும்பெழுத்துக் கையேடும் இருக்கும்படி யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு.

கேம்பில் போன் எடுக்காது. போனியை விட்டுக் கையெழுத்துப் போடவைக்கலாமே என்றேன். வெர்னா என்னை ஒரு பார்வை பார்த்தார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கம்பெனிகளோடு போனில் கழிந்தது. இரண்டு பேர் அப்படி ஒரு விதியே இல்லை என்றார்கள். வெர்னா பக்க எண்ணைச் சொன்னதும் மேலதிகாரியிடம் மாற்றினார்கள். அடுத்த வாரம் வியாழன் நன்றித் திருநாள், அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் ஆள் இருக்காது. சனிக்கிழமை காலை நானும் வெர்னாவும் மான் என்று யாரும் சுட்டுவிடாமலிருக்க ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு புறப்பட்டோம். கடைசி ஒன்றரை மைலுக்குக் கார் போகவில்லை. போனி தந்த இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டிகளை நான் சுமந்தேன். வெர்னா தாள்களை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

கேம்பின் கதவைத் திறந்தது லைலின் ஒன்றுவிட்ட சகோதரன் டென்னி. உள்ளே ஈரக் காலுறை காயும் நாற்றம்.

"என்ன வெர்னா இது, பொம்பளைங்க இங்க வரக்கூடாது. மான் ஓடிடும்."

"இதுவரைக்கும் எத்தனை அடிச்சீங்க?"

டென்னி அடுப்பைப் பார்த்தான். "இன்னும் ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் வர்றதுக்கு முன்னாடியே ஓடிடுச்சு. நகரு."

லைல் பரணிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். நான்கடிக்கு ஒருமுறை நின்று, மரத்தைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "போனிக்கு ஏதாச்சும்...?"

"போனி நல்லா இருக்கா. உனக்குத்தான் ஏதாச்சும் ஆகும். உக்காரு."

வெர்னா விளக்கினார். லைல் பேஸ்டியைத் தின்றுகொண்டே தலையாட்டினார். முடிவில், "டிசம்பர் ஏழு வரைக்கும் இருக்கே, சீசன் முடியட்டும்" என்றார்.

"அடேய், அது எல்லாருக்கும் வெளிய போற தேதி. உன்னைக் கேள்வி கேக்காம உள்ள விடற தேதி முப்பது."

"கிரெய்க் சொல்லலையே. அவன் நல்லவன்."

"நல்லவன்தான். அவன் வறுத்த மீனு எனக்கும் பிடிக்கும். நீ அவன் திட்டத்தை விட்டுப் போனா அவனுக்கு என்ன கிடைக்கும், சொல்லு?"

டென்னி மூலையில் இருந்து, "ஆனா மாசாமாசம் கட்டணுமே" என்றான். "ஆஸ்பத்திரிக்கே போகாதவன் எதுக்குக் கட்டணும்?"

"உன் வயசு என்ன?"

"அறுபத்திமூணு."

"ரெண்டு வருஷம் கழிச்சு வா, உனக்குத் தனியா சொல்றேன்."

லைல் பேனாவை வாங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகச் செய்கிற மனிதர். தாடியைச் சொறிந்தபடி கேட்டார்: "இவ்வளவு சொல்றியே, நீ எந்தத் துணைக் காப்பீடு வச்சிருக்க?"

 வெர்னா அடுப்பில் சரிந்த விறகை உள்ளே தள்ளினார்.

"என்கிட்ட இல்ல."

"இல்லையா?"

"நானும் உன்னை மாதிரி இலவசத் திட்டத்துலதான். எனக்கு அறுபத்தஞ்சு ஆனப்ப என் புருஷன் கார்ல் படுக்கையில இருந்தான். அந்த வருஷம் நான் ஒண்ணையும் படிக்கல, வந்த தாள்ல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் விரல் இப்படி ஆச்சு. ஊசி போட ஒவ்வொரு தடவையும் அவங்ககிட்ட அனுமதி கேட்டு நிக்கணும். போதும்டான்னு துணைக் காப்பீட்டுக்கு எழுதிப் போட்டேன். மூணு கம்பெனி. முடக்குவாதம்னு பாத்ததும் மூணு பேரும் முடியாதுன்னுட்டான்."

"இந்த ஒரு வருஷ விதி அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ எப்ப படிச்ச?"

"புதன்கிழமை."

  லைல் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்றார். சீட்டாட்டப் பலகையைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்தோம். இரண்டு கையெழுத்து. ஒன்று திட்டத்திலிருந்து விலகல். மற்றது துணைக் காப்பீட்டு விண்ணப்பம். உடல்நிலை பற்றிய பக்கத்தை லைல் ஆர்வமாகத் திருப்பினார். "அதைத் தொடாதே, அது உனக்கு இல்ல" என்று வெர்னா அதை உருவி எடுத்தார். அன்று அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை நூலகத்து ஃபேக்ஸிலிருந்து அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததற்கான தாளை வெர்னா இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார். டிசம்பர் முதல் வாரம் காப்பீட்டு அட்டை வந்தது. ஜனவரியில் விஸ்கான்சினில் வால்வை மாற்றினார்கள்.

இந்த வருடம் அக்டோபரில் வேட்டை உரிமம் விற்கும் கடைக் கவுண்டரில் வெர்னா ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். ஊரில் எந்த ஆணும் அங்கே நிற்காமல் காட்டுக்குப் போக முடியாது. 'உங்கள் திட்டம் தொடங்கிய தேதி எது? கேம்புக்குப் போகுமுன் செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வாருங்கள்' என்று கைவிரலளவு எழுத்து. யாராவது டிசம்பர் ஏழு என்று ஆரம்பித்தால், பக்கத்தில் தோட்டா வாங்கிக்கொண்டிருக்கும் லைல் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுகிறார். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

வெர்னா நான்காம் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். முடியாது என்றுதான் வந்தது. சில மாநிலங்களில் வருடத்தில் எப்போது கேட்டாலும் மறுக்கக்கூடாது என்று சட்டம் இருப்பதை அவர் இப்போது படித்துவிட்டார். நம் மாநிலத்தில் ஏன் இல்லை என்று எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினார். பல வாரமாகப் பதில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை என்னிடம் தபால்தலை கேட்டார். அதே கடிதம்தான், ஒரு சொல்லும் மாறாமல்.

"முதல்ல அனுப்பினதுக்கே பதில் வரலையே" என்றேன்.

"அது முதல் அளவு" என்று உறையின் ஓரத்தை ஒட்டினார்.