அப்புத்தளையில் வாங்கிய அரைஞாண் கயிறு

பதுளைப் பக்கமிருந்து கொழும்புக்கு நோயாளியோடு ரயிலில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2007 மாசியில் என் மாமா ராமையாவை அப்படித்தான் கூட்டிப்போனேன். அத்தையும் கூட வந்தார். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டதால் அறுத்தெடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். கொழும்பில் ஒரு டாக்டர் மட்டும், வயிற்றைக் கிழிக்காமல் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதன் நுனியை மின்சாரத்தால் சூடாக்கிக் கட்டியைச் சுட்டுப் பார்க்கலாம் என்றார். குணமாகாது, வலி குறையலாம். அன்று மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் அடுத்த முறை எப்போதென்று சொல்ல முடியாது.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்து லய வீட்டிலிருந்து தெமோதரை ஸ்டேஷனுக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். குழிகளைப் பார்த்தால் நியாயமான கூலிதான். காலை ஆறரைக்கு முன்பே ரயிலில் இருந்தோம். மாமா தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருஷம் கொழுந்து காயவைக்கும் அடுப்பைப் பார்த்தவர்.

"சூடு எனக்குப் புதுசா மருமகனே? எத்தனை டிகிரின்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். மல்லாந்து படுக்கவிடாத வலி. முன்னால் குனிந்தேதான் உட்கார்ந்திருந்தார்.

எல்ல ஸ்டேஷன் தாண்டியபிறகுதான் ஆஸ்பத்திரி கொடுத்த தாளை ஒழுங்காக வாசித்தேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் தோல் வெந்துவிடும். மாமாவின் இடுப்பிலோ, செப்புக் கம்பி சேர்த்து முறுக்கி, கோயிலில் மந்திரித்துக் கட்டிய அரைஞாண் கயிறு. முந்தின நாளே வாசிக்காத என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"அவுக்க மாட்டேன். பொணத்துக்குத்தான் அதை அறுப்பாங்க. அப்புத்தளையில எறங்கித் திரும்பிப் போறேன்."

கெஞ்சினேன், அதட்டினேன். அப்புத்தளைக்கு முந்தின ஸ்டேஷனான தியத்தலாவையில் பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றுவிட்டார். அத்தை எழுந்து போய், "ஏங்க, கம்பியில்லாத புதுசக் கட்டிட்டுப் பழசை எடுத்தா இடுப்பு எப்பங்க வெறுமையா இருக்கும்?" என்று கேட்டார்.

மாமா யோசித்தார். "கயித்தைக் கண்ணுல காட்டு. இல்லாம அப்புத்தளையைத் தாண்ட மாட்டேன்."

அப்புத்தளையில் எதிர் ரயில் தாமதம், எட்டு நிமிஷம் நிற்போம் என்று ரயில் கார்டு சிங்களத்தில் சொன்னார். ஓடினேன். பனிமூட்டத்தில் ஒரே ஒரு கடைக்காரர் அப்போதுதான் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அரைஞாண் கயிறுங்களா? புள்ளைக்கா?"

"மாமாவுக்கு. சீக்கிரம் தாங்க."

"அப்ப அளவு பத்தாதுங்க, பெருசாத் தரேன்" என்று உள்ளே போய் நிதானமாகத் தேடினார். எதிர் ரயில் வந்துபோகும் சத்தம் கேட்டது. பத்து ரூபாயை வைத்துவிட்டுக் கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடி, கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன்.

அத்தை சால்வையால் மறைத்துப் புதுக் கயிற்றைக் கட்டி, நகவெட்டியால் பழசைக் கடித்துக் கடித்து அறுத்தார். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பைத் தடவிப் பார்த்தார். "ம்... இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

திரும்பி வந்த இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் மாமா மல்லாந்து படுத்துத் தூங்கினார். அத்தை பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

போகிறவர்கள் தாளை வீட்டிலேயே வாசியுங்கள், தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். கயிற்றைப் பதுளையிலேயே வாங்கிவிடுங்கள். எதிர் ரயில் எல்லா நாளும் தாமதமாகாது.

மாமா இன்னும் ஒன்பது மாதம் இருந்தார். குளிப்பாட்டும்போது அரைஞாணை அறுக்கச் சொல்லி என்னிடம் கத்தியைக் கொடுத்தார்கள். அதே பத்து ரூபாய்க் கயிறு. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அறுப்பா," என்றார் அத்தை. "இப்ப அறுக்கலாம்."