கஜானாவின் கண்ணாடி

சூப்பர் மார்க்கெட்டில் நின்று பிஸ்கட் பாக்கெட்டைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறார். தெரியவில்லை. கையை இன்னும் நீட்டுகிறார். அதற்கு மேல் நீட்டக் கை இல்லை. தலையைப் பின்னால் சாய்க்கிறார். தள்ளுவண்டியோடு பின்னால் நிற்கிற அம்மாளின் மூக்கில் அவருடைய பின்னந்தலை போய் முட்டுகிறது.

"ஏன் சார், வாங்கப் போறீங்களா இல்லையா?"

"இருங்கம்மா. முந்நூறு கிராமா ஐந்நூறு கிராமான்னு பாக்குறேன். எழுத்தை வேணும்னே எறும்பு சைசுல போடுறானுங்க, நம்மள ஏமாத்த."

அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இருநூறு" என்கிறாள்.

தெருவில் அவருக்குப் பெயர் கஜானா. முன்பு டைல்ஸ் கம்பெனி ஒன்றில் கோடவுன் சாவி அவர் கையில் இருந்தது. வீட்டுக்காரம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவர். சம்பளமும் அவருக்குத்தான் அதிகம். இரண்டாவது பிள்ளை பிறந்து, யாராவது ஒருத்தர் வீட்டோடு இருந்தே ஆகவேண்டும் என்று வந்தபோது, கஜானா கோடவுன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பீரோ சாவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வேலையைத்தான் விட்டார். சாவியை விடவில்லை. குளிக்கும்போதுகூட அந்தக் கயிறு கழுத்திலேயே கிடந்து நனையும்.

பீரோ இழுப்பறைக்குள் எட்டு கவர்கள். வாடகை, கரண்ட், பள்ளிக்கூடம், மளிகை, மருந்து என்று ஒவ்வொன்றின் மேலும் கொட்டை எழுத்து. மனைவியின் சம்பளம் வந்த அன்றைக்குப் பணத்தைப் பிரித்துப் போடுவார் பாருங்கள், சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுகிறவன் கெட்டான். எட்டு கவரில் அவர் பேருக்கு ஒன்று கிடையாது. கேட்கவும் வாய் வராது. பிரித்துக் கொடுக்கிற கை போய் வாங்குகிற கையாகிவிடுமாம்.

சிக்கனம் என்றால் இது அது என்றில்லை. பற்பசை டியூபைக் கத்தரியால் வெட்டிப் பிளந்து உள்ளே வழித்துத் தேய்க்கவேண்டும். கரைந்த சோப்பு வில்லையைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவேண்டும். "ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் யாருக்குடா சுத்துது, பேய்க்கா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீட்டைச் சுற்றி வந்து சுவிட்சை அணைப்பார். அதே மனிதர், 'ஒரு வாளி இலவசம்' என்று போர்டு பார்த்தால் போதும், சலவைத்தூளைச் சுமந்துகொண்டு வந்துவிடுவார். வீட்டில் இருப்பவர்கள் நாலு பேர். வாளி ஒன்பது.

வீட்டுக் கணக்கு நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. "செலவு பண்ணின கையே எழுதணும். அடுத்தவன் எழுதினா அது கணக்கு இல்ல, கதை." சாயங்காலம் ஏழு மணிக்கு நோட்டு அவர் முன்னால் வரும். அவரே மாட்டிய மங்கல் பல்பின் கீழே, கையை நீட்டி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, புருவத்தை நெரித்து, மேலிருந்து கீழே ஒரு பார்வை. பிறகு 'சரி' என்று எழுதிக் கையெழுத்து. கண்ணில் ஒன்றும் விழுந்திருக்காது. ஆனால் அந்த நெரிப்பைப் பார்த்தால் பாங்கு மேனேஜரே எழுந்து நின்றுவிடுவார்.

அவருடைய கையெழுத்து மட்டும் சினிமா போஸ்டர் மாதிரி பெரிது. அதில் அடிக்கடி வருகிற சொல் 'துடைப்பம்'. பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது தெருமுனை டீக்கடையில் தினம் ஒரு டீ, ஒரு பன், அரைமணி நேரம் பேப்பர். பத்து நாள் டீயும் பன்னும் சேர்ந்தால் ஒரு நல்ல துடைப்பத்தின் விலை வரும். துடைப்பத்தை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் எதிர்வீட்டு டைலருக்கு அவர் புத்தி சொல்வார். "வெளியில டீ குடிச்சே அழிஞ்ச குடும்பம் எத்தனை தெரியுமா உனக்கு?"

டைலர் அவர் கையிலுள்ள டம்ளரைப் பார்ப்பான். "தெரியும்ணே" என்பான்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் போன மாதம் ஒருநாள் மத்தியானம் கரண்டு ஆபீஸ் ஆள் ஏணியோடு வந்து நின்றான்.

"சார், பில்லு கட்டலை. கனெக்‌ஷனைக் கழட்டணும்."

"யாரு கட்டலை? கடைசி நாள் பதினெட்டு. இன்னிக்குப் பதினாறு. கடைசி நாள் வரைக்கும் அது என் காசுய்யா. முன்னாடியே கட்டிட்டு நான் எதுக்கு உங்க ஆபீஸுக்கு வட்டியில்லாம கடன் குடுக்கணும்?"

"பதிமூணு சார்."

"எட்டுய்யா அது! கண்ணு தெரியுதா உனக்கு?"

சத்தம் கேட்டு டைலர் கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தான். பில்லை வாங்கிப் பார்த்தான். "மூணுதாண்ணே" என்றான். தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"எச்சரிக்கை நோட்டீஸும் குடுத்தோமே சார், மஞ்சக் காகிதம்?"

கஜானா உள்ளே திரும்பிப் பார்த்தார். அந்த மஞ்சள் காகிதம் வந்தது. கையை நீட்டிப் பார்த்து, ஏதோ தள்ளுபடி விளம்பரம் என்று முடிவுகட்டி, நாலாக மடித்து ஆடுகிற பீரோக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். பீரோ இப்போது ஆடுவதில்லை.

ஆள் இருக்கிற ரூம், இல்லாத ரூம் என்று பார்க்காமல் எல்லா ஃபேனும் ஒரே நேரத்தில் நின்றன. அவர் ஆறு வருடமாகக் கண்ட கனவு.

சாயங்காலம் மனைவி காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் ஓடிவந்து அவர் காலை நனைத்தது. அபராதம் எவ்வளவு, மறுபடி இணைப்புக் கொடுக்க எவ்வளவு என்று கேட்டார். கஜானா சுவரைப் பார்த்துக்கொண்டு தொகையைச் சொன்னார்.

"கண்ணாடி போடுங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன்" என்றார் மனைவி.

"கண்ணாடி போட்டா கண்ணு சோம்பேறியாயிடும்."

"இங்க பாருங்க. எண்பது உசுரை ஏத்திக்கிட்டுப் போறேன். வருஷா வருஷம் கண்ணைப் பாத்துட்டுத்தான் என் கையில ஸ்டியரிங்கைக் குடுக்குறாங்க. எழுத்து தெரியாத உங்க கையில மட்டும் எதுக்குச் சாவி? சனிக்கிழமைக்குள்ள கண்ணாடி வரணும். வரலேன்னா அந்தக் கயிறு பாப்பா கழுத்துக்குப் போகும்."

பாப்பா என்பது மூத்தவள். வயது பன்னிரண்டு. கஜானா கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரோ குழந்தையைப் பிடுங்க வந்தமாதிரி.

அதிசயம் என்னவென்றால், சாவி கிடைக்கப் போகிறதே என்று அவள் துள்ளவில்லை. முகம் வெளிறிவிட்டது. "வேணாம்மா. சாவி அப்பாகிட்டயே இருக்கட்டும். கண்ணாடியெல்லாம் எதுக்கு? நான் படிச்சுச் சொல்றேனே" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆறு வயதுத் தம்பியும் பலமாகத் தலையாட்டினான்.

"பாத்தியா, என் பொண்ணுக்கு என் மேல எவ்வளவு பாசம்!" என்று கஜானா உருகினார்.

பாசம்தான். ஒரு வருடமாக நோட்டில் 'பென்சில்' என்று ஒழுங்கான எழுத்தில் எழுதி, அதன் கீழே எறும்பும் குனிந்து படிக்கவேண்டிய எழுத்தில் உண்மையை எழுதிவந்தவள் அவள். 'ஐஸ்கிரீம் 2.' 'தம்பிக்குப் பலூன்.' செலவு பண்ணின கையே எழுதணும் என்ற சட்டத்தை அவள் மீறவில்லை. பொய்யை மட்டும் எழுதிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அப்பா 'சரி' போட்டுக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை கண்ணாடிக்கடை. கையில் கொடுத்த எழுத்து அட்டையில் மேல்வரி தாண்டவில்லை. "உங்க அட்டையில அச்சு சரியில்லை" என்றார். விலையைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"படிக்க மட்டும்தானே? ஒரு கண்ணுக்குப் போட்டா பாதி விலைதானே ஆகும்?"

"சார், இன்னொரு கண்ணை என்ன பண்ணுவீங்க?"

"மூடிக்குறேன்."

மனைவி பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் உள்ளே போகிற கனைப்பு அது. கஜானா உட்கார்ந்தார். இருப்பதிலேயே மலிவான ஃப்ரேமை எடுத்தார். துடைக்கிற துணி இலவசம் என்றதும் இரண்டு கேட்டார்.

அன்றைக்கு ஏழு மணி. அபராதம் கட்டித் திரும்ப வாங்கிய கரண்டில் மங்கல் பல்பு. மனைவி பக்கத்தில் நாளைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் வாசலுக்குப் பக்கத்தில், ஓடத் தோதான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தன. கஜானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். முதல் தடவையாகக் கையை மடக்கி வைத்துப் படித்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. 'பென்சில்' என்ற வரியில் விரல் நின்றது. விரல் கீழே இறங்கியது. மூக்கு விடைத்தது.

"பாப்பா! இங்க வா. என்ன இது, ஐஸ்…"

அவள் வரவில்லை. அவருடைய விரல் தானாக அடுத்த வரிக்கு நகர்ந்திருந்தது. அங்கே அவரே எழுதிய போஸ்டர் எழுத்தில் 'துடைப்பம்'. அதன் கீழே, பென்சிலில், எறும்பு எழுத்தில் ஒரு வரி:

'இந்த வருஷம் இது பதினேழாவது துடைப்பம்.'

கஜானா நிமிர்ந்தார். கைக்கெட்டுகிற மூலையில் அந்த வீட்டின் ஒரே துடைப்பம், பாதி உதிர்ந்து, மொட்டையாகச் சுவரில் சாய்ந்திருந்தது. புதுக் கண்ணாடியில் அதன் ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"என்னங்க, ஐஸ் என்ன?" என்றார் மனைவி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

"ஒண்ணுமில்லை. ஃப்ரிட்ஜுல ஐஸ் கட்டிருச்சான்னு கேட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். இலவசத் துணியால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து, உறைக்குள் போட்டு மூடினார். நோட்டைத் தூக்கி, கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தை நெரித்து, மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெரிய எழுத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.